பின் பிளாக்கில் பொங்கிய பால்

வாடகைக்கு வீடு தேடி அலைகிறவனுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் எல்லா வீடும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும். இது பொதுவான உண்மை. என் விஷயத்தில் அது கொஞ்சம் அளவு மீறிப் போய்விட்டது. என் வீடு என்று நினைத்து மனைவி, அம்மா, மாமனார் சகிதமாக இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் அடுப்பைப் பற்றவைத்து, அவர்கள் பாலைப் பொங்கவைத்து, அதை அவர்கள் டம்ளரிலேயே ஊற்றிக் குடித்தவன் நான். (புது டம்ளர். ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல் இருந்தது. பிரித்ததும் நான்தான்.)

அப்போது நாங்கள் மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்தபடியே கை நீட்டிக் குக்கரை இறக்கலாம். அந்த வசதியைத் தவிர வேறு வசதி கிடையாது. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். வண்டிகளுக்குப் போகும் சின்னச் சின்ன பாகங்களை அளந்து பார்த்து, முடியளவு வித்தியாசம் இருந்தாலும் ‘ரிஜெக்ட்’ என்று ஒதுக்கிப் போடுவதுதான் என் வேலை. (இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் என் பெருமை இன்னும் நன்றாக விளங்கும்.) என் மனைவி சுதா கர்நாடக எல்லை தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். ஏன் இந்த அலைச்சல், பெங்களூருக்கே குடிபோய்விடலாமே என்று ஒருமுறை போய் அங்கே இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை விசாரித்தோம். அந்த ஊரைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும் என்று, திரும்பும் வழியில் எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வருவதற்குள் முடிவெடுத்துவிட்டோம்.

இரண்டு பெட்ரூம் வேண்டும் என்பது ஆடம்பரம் இல்லை. சுதா மாசமாக இருந்தாள். அவளுக்கு அம்மா கிடையாது. பிரசவம் பார்க்கவும், பிறகு குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் என் அம்மாதான் வரவேண்டும். அம்மா பர்கூர் பக்கம் எங்கள் ஊரில் தனியாக இருந்தாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் களை பறித்து, நாற்று நட்டு என்னைப் படிக்கவைத்தவள். “எனக்கு எதுக்குடா தனி ரூமு? கதவோரமா ஒரு பாயப் போட்டா படுத்துக்குவேன்” என்றாள். லைன் வீட்டில் கதவோரம் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் பைக் நிற்கும் இடம்.

ஆகவே தேடினோம். ஓசூர் முழுக்க ‘டூ லெட்’ போர்டு தொங்குகிறது. உள்ளே போனால்தான் கேள்வித்தாள் வரும். சாப்பாடு எப்படி? ஊரிலிருந்து ஆள் வருவார்களா? வந்தால் எத்தனை பேர், எத்தனை நாள்? இதெல்லாம் எளிய கேள்விகள். கடைசியில் ஒன்று வரும், மிகவும் சாதுவாக. “பர்கூர் பக்கமா? ரொம்ப நல்லது. ஊர்ல எந்தத் தெரு?”

நம் தெருப் பெயர் தெரிந்து இவருக்கு என்ன ஆகவேண்டும், தபால் போடப் போகிறாரா என்று முதல் இரண்டு வீடுகளில் அப்பாவியாக யோசித்தேன். மூன்றாவது வீட்டில் புரிந்துவிட்டது. பதில் சொன்னதும் வீட்டுக்காரரின் மச்சினன் எங்கிருந்தாவது திடீரென்று குடிவர முடிவு செய்துவிடுவார். ஓசூரில் இத்தனை வீட்டுக்காரர்களுக்கு இத்தனை மச்சினன்கள் வீடில்லாமல் தவிக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் வசந்தா டீச்சர் கிடைத்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே ஓர் அபார்ட்மெண்டில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“சுவத்துல ஆணி அடிப்பீங்களா?”

“அடிக்கவே மாட்டேன் டீச்சர். காலண்டரைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை. வீட்டைக் காட்டினார். சாயங்காலம், கரண்ட் வேறு இல்லை. செல்போன் வெளிச்சத்தில் இரண்டு பெட்ரூமையும் பார்த்தேன். அம்மாவுக்கு ஓர் அறை, ஜன்னலோடு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு தைலமரத் தோப்பு நிழலாகத் தெரிந்தது. எனக்கு அதற்கு மேல் எதுவும் கண்ணில் படவில்லை.

“குடிவர்ற அன்னைக்குக் கதவைத் திறந்து வெச்சு உள்ளேயே இருப்பேன். நேரா வந்துடுங்க. கேட்டுல நுழைஞ்சதும் முதல் பிளாக், மூணாவது மாடி, லிஃப்ட்டுக்கு இடது பக்கம். ஞாபகம் இருக்குமில்ல?” என்றார் டீச்சர்.

“முதல் பிளாக், மூணாவது மாடி, இடது பக்கம்” என்று ஒப்பித்தேன். கணக்கு டீச்சரிடம் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சரியான விடை சொன்ன திருப்தியில் பிளாக் பெயரைக் கேட்காமலேயே வந்துவிட்டேன்.

இப்போது என் மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அரூர்க்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு அவர் இறங்கிவிட்டாலும் பஸ் அவரை விட்டு இறங்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்குது” என்பார். அவருக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் மகளை ஒற்றை அறையில் வைத்திருக்கிறவன் என்ற வருத்தம் உண்டு. என்னைப் பார்க்கும்போதெல்லாம், சில்லறை இல்லாமல் பெரிய நோட்டு நீட்டும் பயணியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

பால் காய்ச்ச அவர்தான் நாள் பார்த்தார். திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம், அதற்குள் பால் பொங்கிவிட வேண்டும். (ஜோசியர்கள் லீவு நாளில் நல்ல நேரம் வைக்க மாட்டார்கள் போலிருக்கிறது.) திங்கட்கிழமை விடிந்ததும் சாமான் ஏற்றிய வேனில் கிளம்பினோம். அம்மா முந்தின நாளே ஊரிலிருந்து வந்து, புதுச் சேலை கட்டி, ஒரு பித்தளைச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அபார்ட்மெண்டின் முன் கேட்டில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது.

சும்மா நிற்கவில்லை. நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் மாலை, பக்கத்தில் கன்றுக்குட்டி. யாரோ கிரகப்பிரவேசத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். கேட்டுக்குக் கீழே மழைத் தண்ணீர் போக ஒரு கால்வாய் வெட்டி அதன் மேல் இரும்புக் கம்பிகள் பதித்திருந்தார்கள். அந்தக் கம்பியில் கால் வைக்க மாட்டேன் என்று மாடு பிடிவாதமாக நின்றது. ஒரு கூட்டமே பின்னாலிருந்து தள்ளியது. முன்னாலிருந்து ஓர் அம்மாள் வாழைப்பழத்தைக் காட்டிக் கெஞ்சினார். ஒரு பெரியவர் தெலுங்கில் மாட்டைத் திட்டினார், தமிழில் வாட்ச்மேனைத் திட்டினார்.

“மாடு இப்போதைக்கு நகராது சார். வண்டியச் சுத்திக்கிட்டுப் பின் கேட்டுக்கு வந்துடுங்க” என்றார் வாட்ச்மேன்.

நான் வேனில் உட்கார்ந்து சிரித்தேன். “பாருங்க மாமா, அபார்ட்மெண்டுக்கு மாட்டைக் கூட்டிட்டு வர்றாங்க. எப்படித்தான் இருக்காங்களோ!”

மாமனாரும் சிரித்தார். என்னோடு சேர்ந்து அவர் சிரித்தது அதுதான் முதல்முறை. அந்தப் போதையிலேயே பின் கேட்டுக்கு வந்தோம். நுழைந்தேன். முதல் பிளாக். மூன்றாவது மாடி. லிஃப்ட்டுக்கு இடது பக்கம். கதவு திறந்திருந்தது.

பின் கேட்டிலிருந்து பார்த்தால் கடைசி பிளாக்தான் முதல் பிளாக்காகத் தெரியும் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

உள்ளே ஆள் இல்லை. ஆனால் என்னவெல்லாம் இருந்தன! வாசல்படியில் மஞ்சள், மாவிலை. ஹாலில் மாலை போட்ட சாமி படங்கள், குத்துவிளக்கு. சமையலறையில் பொட்டு வைத்த புது அடுப்பு. அதன் பக்கத்தில் பளபளவென்று ஒரு பாத்திரம் நிறையப் பால். சர்க்கரை, வாழைப்பழம், ஒரு டஜன் புது டம்ளர்.

மாமனார் சுற்றிலும் பார்த்தார். “என்ன மாப்பிள்ளை இதெல்லாம்?”

அந்த நொடியில் நான் ‘தெரியவில்லையே’ என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அவர் முகத்தில் ஒரு வியப்பு தெரிந்தது. அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

“ஹவுஸ் ஓனர் ஏற்பாடு மாமா. நான் பேசி வெச்சிருந்தேன்” என்றேன்.

“வாடகைக்கு வர்றவனுக்கு அடுப்பு, பாலு, டம்ளரு வரைக்கும் குடுக்குற ஓனரை நான் பார்த்ததே இல்ல. பரவாயில்ல மாப்பிள்ளை, நீங்களும் விவரமான ஆளுதான்.”

கல்யாணமாகி அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதன் பிறகு என் கண் எதையும் பார்க்க மறுத்துவிட்டது. சுதாதான் சமையலறை ஜன்னலில் நின்று, “ஏங்க, ஜன்னல்ல பார்த்தா தைலமரத் தோப்பு தெரியும்னு சொன்னீங்க. இங்க சுவர்தானே தெரியுது?” என்றாள்.

“இருட்டுல பார்த்தேனில்ல. சுவரா இருந்திருக்கும்.”

“டீச்சர் உள்ளேயே இருப்பேன்னாங்களே?”

“பாலை வெச்சுட்டுப் பூ வாங்கப் போயிருப்பாங்க.”

முடியளவு வித்தியாசத்துக்கு ரிஜெக்ட் அடிக்கிறவன், ஒரு தைலமரத் தோப்பு முழுசாகக் காணாமல் போனதை அப்படியே பாஸ் பண்ணிவிட்டேன்.

“நேரமாகுது, எல்லாரும் உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீங்க, நடுவுல இடம் இருக்குது” என்று மாமனார் எங்களைச் சமையலறைக்குள் ஏற்றினார். அரபு நாட்டில் இருக்கும் மூத்த மகளுக்குக் காட்டவேண்டும் என்று என் செல்போனை வாங்கி வீடியோ கால் போட்டார். சுதா அடுப்பைப் பற்றவைத்தாள். அம்மா பாலை மோந்து பார்த்தாள்.

“பாக்கெட் பாலு இல்லடா இது. கறந்த பாலு. என்னா வாசன!”

நடுவில் போன் சிணுங்கியது. மாமனார் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி சிணுங்கியது. மறுபடி தட்டினார்.

“யாரு மாமா?”

“யாரோ டீச்சராம். பால் பொங்குற நேரத்துல என்ன போனு? கட் பண்ணிட்டேன்.”

நான் “நல்லது மாமா” என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

பால் பொங்கியது. அழகாக, நுரை கட்டி, கிழக்குப் பார்த்து வழிந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சுதா கண் கலங்கினாள். மாமனார் போனைப் பார்த்து, “பொங்கிடுச்சும்மா, பொங்கிடுச்சு!” என்று ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற குரலில் அறிவித்தார். டம்ளர்களின் ஸ்டிக்கரைப் பிரித்து, சர்க்கரை போட்டு எல்லோருக்கும் ஊற்றினேன். அம்மா தன் டம்ளரோடு உள்ளே போய் ஜன்னல் வைத்த அறையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். “இதுவா எனக்கு?” என்றாள். “இதுதாம்மா” என்றேன்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. வேட்டி கட்டிய ஒரு பெரியவர், கையில் சொம்பும் மாவிலையுமாக, வாயில் ஏதோ முணுமுணுத்தபடி கோமியம் தெளித்துக்கொண்டே உள்ளே வந்தார். நிலைப்படிக்கு ஒரு தெளி, சுவருக்கு ஒரு தெளி, மூன்றாவது தெளி நேராக என் முகத்தில் விழுந்தது.

டீச்சர் ஐயர் வரைக்கும் ஏற்பாடு பண்ணியிருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். முகத்தைத் துடைக்காமல் குனிந்து கும்பிட்டு, “சாமி, தட்சிணை எவ்வளவு தரட்டும்?” என்று கேட்டேன்.

அவர் மாவிலையைக் கீழே இறக்கினார். முன் கேட்டில் மாட்டைத் திட்டிக்கொண்டிருந்த அதே பெரியவர்.

“எவரு மீரு?” என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, “யாருய்யா நீ?” என்று தமிழில் இன்னும் தெளிவாகக் கேட்டார்.

“இந்த வீட்டுக்குக் குடி வந்திருக்கோம்.”

“யார் வீட்டுக்கு?”

அவருக்குப் பின்னால், கையில் பாதி வாழைப்பழத்தோடு அந்த அம்மாள் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மாடு தள்ளிய கூட்டம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள், வழிந்து கிடந்த பாலைப் பார்த்தார்கள், எங்கள் கைகளில் இருந்த டம்ளர்களைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். சுவர். அசைக்க முடியாத சுவர்.

“இது… முதல் பிளாக்குதானே?” என்றேன்.

“கடைசி பிளாக்கு” என்றது கூட்டம், ஒரே குரலில்.

மாமனார் போனை மெதுவாகக் கீழே இறக்கினார். வீடியோவில் மூத்த மகள் “என்னப்பா ஆச்சு? ஏன் தரையைக் காட்டுறீங்க?” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அது ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விவசாயக் குடும்பம். அந்த அம்மாள் முனிரத்னம்மா. கணவர் இறந்த பிறகு தானே நிலத்தைப் பார்த்து, மகனைப் படிக்கவைத்து, அவன் வேலைக்காக இந்த வீட்டை வாங்கியிருந்தார். அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் வீடு. அந்தப் பால் அவர் வளர்த்த மாட்டின் பால். அந்தப் பெரியவர் கிருஷ்ணப்பா, கணவரின் அண்ணன். மாடு நகராததால் வீட்டில் இருந்த எல்லோரும் கீழே போய்த் தள்ளியிருக்கிறார்கள். ஐந்து நிமிட வேலைதானே என்று கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் நான் புகுந்திருக்கிறேன். கடைசிவரை மாடு அசையாததால், நேரம் போகிறதே என்று அதைக் கேட்டிலேயே விட்டுவிட்டு மேலே வந்திருக்கிறார்கள்.

“மொதல் பாலு பொங்கிடுச்சே! யாரோ வந்து பொங்க வெச்சு, குடிச்சும் முடிச்சுட்டானே! இது என்ன சகுனம்?” என்று கிருஷ்ணப்பா தலையில் கை வைத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்த ஊருய்யா நீங்க?”

“பர்கூர் பக்கம்.”

“ஊர்ல எந்தத் தெரு?”

திரும்பிப் பார்த்தேன். கூட்டம் உள்ளே வந்த அந்த நொடியிலேயே அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாய் ஒதுங்கி நின்றிருந்தாள். யாரும் சொல்லவில்லை. அவளாகவே நின்றாள். ஜன்னல் அறையைப் பார்த்துவிட்டு வந்தபோது முகத்தில் இருந்தது இப்போது இல்லை. அதுவரை எல்லாம் எனக்கு வெட்கமாக மட்டும்தான் இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

முனிரத்னம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. சுதாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழைப்பழத்தை மேடையில் வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“எத்தினி மாசம் கண்ணு?”

“ஏழு” என்றாள் சுதா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

“நின்னுக்கிட்டே இருக்கியே, கால் வீங்கிக்கப் போவுது.” பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். பிறகுதான் கிருஷ்ணப்பாவிடம் திரும்பினார். “ஏம் காதுலே பாவா. ஒண்ணும் ஆயிடல. மாட்டுப் பின்னால நாம போயிட்டோம். வாயும் வயிறுமா ஒரு பொண்ணு தானா வந்து நம்ம அடுப்பப் பத்த வெச்சிருக்குது. பாலும் கெழக்கால பொங்கியிருக்குது. இதுக்கு மேல உங்களுக்கு என்ன சகுனம் வேணும்?”

“இல்ல முனிரத்னா, யாரு என்னன்னு தெரியாம…”

“தெரிஞ்சுதான் பாலு பொங்குதா?”

சொல்லிவிட்டு நேராக என் அம்மாவிடம் போனார்.

“நீங்க ஏன்க்கா ஒதுங்கி அங்க போயி நிக்கிறீங்க? இன்னும் எங்களுக்குப் பாலு ஊத்தலையே. வாங்க, உங்க கையால ஊத்துங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். அம்மா வந்து, கரண்டியை எடுத்து, ஒரு டம்ளரில் பால் ஊற்றிக் கொடுத்தாள். முனிரத்னம்மா அங்கேயே நின்று கடைசிச் சொட்டு வரை குடித்தார். “சக்கரை தூக்கலா போட்டிருக்கீங்க. நல்லாத்தான் இருக்குது” என்றார். இன்னொரு டம்ளரை வாங்கிக் கிருஷ்ணப்பாவிடம் நீட்டினார்.

கிருஷ்ணப்பா டம்ளரைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எதிரே நிற்பது மாட்டைத் தள்ளுவதைவிடக் கஷ்டம் என்று அவருக்கு அனுபவம் இருந்திருக்க வேண்டும். வாங்கிக் குடித்தார். தெருப் பெயர் கேட்டவர் கேள்வியை அதோடு விட்டுவிட்டார். மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டே, “என்னை ஐயருன்னு நெனச்சுப்புட்டானே” என்று முணுமுணுத்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு இறுக்கம் உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கோமியம் சொட்டச் சொட்ட.

“சரி, உங்க வீட்டுல பால் காய்ச்சியாச்சா?” என்று முனிரத்னம்மா கேட்டபோதுதான் எனக்கு உலகம் திரும்பவும் ஞாபகம் வந்தது. மணி ஏழே கால். ஏழரைக்கு ராகு காலம். எங்கள் அடுப்பு கீழே வேனில் சாமான்களுக்கு அடியில். எங்கள் டீச்சர் முன் பிளாக்கில்.

“ஐயோ, டீச்சர்!” என்றேன்.

“அப்ப அந்த டீச்சரு…” என்றார் மாமனார், போனைப் பார்த்து.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் கம்பெனியில் எந்த மேனேஜரும் நடத்திக்காட்ட முடியாது. முனிரத்னம்மா மாடு தள்ளியவர்களைத் திரும்பிப் பார்த்து தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னார். அவ்வளவு பேரும் கீழே ஓடினார்கள். ஒருவர் எங்கள் அடுப்பைத் தூக்கினார், ஒருவர் சிலிண்டரைத் தோளில் ஏற்றினார், இருவர் பீரோவைச் சாய்த்துப் பிடித்தார்கள். மிச்சமிருந்த பாலை அம்மாவின் பித்தளைச் சொம்பில் ஊற்றிக்கொடுத்து, முனிரத்னம்மாவும் கூடவே வந்தார். மாமனார் முன்னால் ஓடி, “வழி விடுங்க, வழி விடுங்க, லேடீஸ் வர்றாங்க” என்று இல்லாத கூட்டத்தை விலக்கினார். முன் கேட்டில் அந்த மாடு கன்றுக்குட்டியோடு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. நாங்கள் ஓடுவதைப் பார்த்து அது மட்டும் நிதானமாக அசைபோட்டது.

முன் பிளாக், மூன்றாவது மாடி. வசந்தா டீச்சர் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தனை தடவை கூப்பிடுறது குமார்? ஒவ்வொரு தடவையும் கட் பண்றீங்க. வரலைன்னா வரலைன்னு சொல்லியிருக்கலாமே. ராத்திரிகூட இன்னொரு பார்ட்டி கேட்டாங்க. அவங்களுக்கே குடுத்துடலாம்னு…”

“டீச்சர், அது வந்து… பின் கேட்டு… முதல் பிளாக்கு…” என்று நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

“நான்தாங்க கட் பண்ணேன்” என்றார் மாமனார், நெஞ்சை நிமிர்த்தி. “மாப்பிள்ளை மேல தப்பு இல்ல.” என்னைக் காப்பாற்ற அவர் முன்வந்ததும் அதுவே முதல்முறை.

டீச்சரின் முகம் இளகவில்லை. என் சட்டையில் கோமியமும் மஞ்சளும். பின்னால் சிலிண்டரோடு முன்பின் தெரியாத ஆட்கள். இவன் குடிவருகிறானா, ஊர்வலம் நடத்துகிறானா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. சாவி கைப்பைக்குள்ளேயே இருந்தது. இந்த வீடும் ஏதோ ஒரு மச்சினனுக்குப் போகப் போகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போது முனிரத்னம்மா மூச்சு வாங்கிக்கொண்டே முன்னால் வந்தார்.

“டீச்சரம்மா, கோச்சுக்காதீங்க. இவங்க எங்களுக்கு வேண்டப்பட்டவங்க. எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்துட்டாங்க, நாங்கதான் விடல. அதான் லேட்டாயிடுச்சு.”

எங்களைப் பார்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லி முடிக்கவில்லை.

டீச்சர் சுதாவைப் பார்த்தார், சொம்பைப் பிடித்திருந்த அம்மாவைப் பார்த்தார். கைப்பையிலிருந்து சாவி வெளியே வந்தது.

“உங்க வாட்சுல மணி என்ன?” என்று மாமனார் பதறினார். “என்னுது ஏழரை தாண்டிடுச்சே!”

டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “என் வாட்சுல இன்னும் இருக்கு. இது என் வீடு. இங்க என் வாட்சுதான்” என்றார்.

அடுப்பு பொருத்தப்பட்டது. பால் அன்று இரண்டாவது முறையாகப் பொங்கியது. இந்தமுறை ஜன்னலுக்கு வெளியே தைலமரத் தோப்பு இருந்ததா என்று முதலில் போய்ப் பார்த்துக்கொண்டேன். இருந்தது. காலை வெயிலில் அவ்வளவு அழகாக இருந்தது. எப்படி இதைச் சுவர் என்று நம்பினேனோ!

மாடு கடைசியில் எப்படி உள்ளே வந்தது என்று கேட்கிறீர்களா? அம்மாதான் வரவழைத்தாள். எங்கள் வேலை முடிந்ததும் கீழே இறங்கிப் போய், எங்கள் சாமானிலிருந்து ஒரு பழைய பாயை எடுத்து இரும்புக் கம்பிமேல் விரித்தாள். கன்றுக்குட்டியை முதலில் தாண்டவைத்தாள். மாடு பின்னாலேயே வந்துவிட்டது. அன்று மதியச் சாப்பாடு எங்கள் எல்லோருக்கும் பின் பிளாக்கில்தான்.

எங்கள் மகள் அந்த முன் பிளாக்கு வீட்டில்தான் பிறந்து வளர்ந்தாள் என்று சொல்லவே ஆசை. ஆனால் பாதி நாள் அவள் பின் பிளாக்கில்தான் இருந்தாள். முனிரத்னம்மாவும் அம்மாவும் சாயங்காலமானால் சேர்ந்து உட்கார்ந்து எதையாவது ஆய்ந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் தெலுங்கு கலந்து பேசுவார், இன்னொருவர் பர்கூர்த் தமிழில் பதில் சொல்வார். குழந்தை இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்று பேசும். தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் வீட்டில் ரசத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை. டீச்சரும் எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆணி அடித்துக்கொள்ள அனுமதிகூடக் கொடுத்திருக்கிறார்.

இதில் பெரிய மாற்றம் கிருஷ்ணப்பாவிடம்தான். அந்த வருடம் முனிரத்னம்மாவின் மகனுக்கு வேலையில் உயர்வு வந்தது. மாடு மறுபடி கன்று ஈன்றது. கிருஷ்ணப்பாவின் மகளுக்கு நெடுநாளாகத் தள்ளிப்போன கல்யாணம் முடிவானது. எல்லாவற்றுக்கும் காரணம் அன்று நாங்கள் வந்து பொங்கவைத்த பால்தான் என்று அவருக்கு எப்படியோ ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. இப்போது அவர் சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும், கடை திறந்தாலும் எங்களுக்கு முதல் போன் வருகிறது. நாங்களும் குடும்பத்தோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு வருகிறோம். அந்தப் பக்கத்து ஊர்களில் என் பெயர் குமார் என்று யாருக்கும் தெரியாது. ‘பால்காரர்’ என்றால்தான் தெரியும்.

போன மாதம் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கிருஷ்ணப்பாவின் மருமகன் உரக்கடை திறந்தார். வழக்கம்போல் கிருஷ்ணப்பா கூப்பிட்டார். எத்தனை மணிக்கு, எல்லோரும் வர வேன் அனுப்பட்டுமா என்றெல்லாம் விசாரித்தார்.

“சரிங்க, வந்துடுறோம். கடை எந்த இடம்? அட்ரஸ் அனுப்புங்க” என்றேன்.

“அட்ரஸெல்லாம் அனுப்ப மாட்டேன்” என்றார் கிருஷ்ணப்பா. “நீயா தப்பா வந்து சேரு. அப்பதான் ராசி.”